ஸ்னைப்-ஐடி: லெப்டொப் ஆரிட்ட இருக்கெண்டு சொல்லும், அரிசி மூடை எத்தினையெண்டு கேட்டா முழிக்கும்

தொண்டு நிறுவனத்தில ஸ்டோர், லொஜிஸ்டிக்ஸ், அட்மின் எண்டு ஏதோ ஒரு பேர்ல சாமான் கணக்குப் பாக்கிற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன், மத்தாக்களுக்கு சப்பெண்டு இருக்கும், மன்னிச்சிக்கங்க. மட்டக்களப்பு டவுன்ல தலைமை ஒபிஸ், படுவான்கரையில ஒரு ஃபீல்ட் ஒபிஸ், அங்கால திருக்கோவில்ல ஒண்டு எண்டு ஓடுற சின்ன நிறுவனம் எங்கட. அசெட் கணக்குக்கு, அதாவது லெப்டொப், மோட்டர்சைக்கிள் மாதிரி நிறுவனத்தில நிண்டு பாவிக்கிற சாமான் கணக்குக்கு, ஸ்னைப்-ஐடி எண்ட சொஃப்ட்வெயாரத்தான் பாவிக்கிறம். நல்ல சாமான், அதில சந்தேகமில்ல, ஆனா எதுக்கு நல்லது எதுக்கு சரிவராதெண்டு பாக்காம எல்லாத்தையும் அதுக்குள்ள கொட்டினா ஸ்டோர் கீப்பர் உங்களோட கதைக்கமாட்டார்.

என்னெண்டு முதல் சொல்லிர்றன். ஓபன் சோர்ஸ், அதாவது கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, ஏஜிபிஎல் லைசன்ஸ், லாரவெல் எண்ட பிஎச்பி கட்டமைப்பில எழுதினது, பின்னால மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். அலிசன் ஜியானொட்டோ எண்டவ தொடங்கினது, இப்ப க்ரோக்கபிலிட்டி எண்ட அவங்கட கொம்பனி பாத்துக்கொண்டு போகுது. நாமளே ஒரு சேர்வர்ல போட்டா சொஃப்ட்வெயாருக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவல்ல, அவங்களே நடத்தித் தரணுமெண்டா டொலர்ல கட்டணும். செஞ்சது ஐடி டிப்பார்ட்மென்ட்களுக்காக, தொண்டு நிறுவனத்துக்கெண்டு இல்ல. அதுதான் இதின்ட பலமும் வில்லங்கமும்.

எங்கட வேலையில சாமான் கணக்கு ஏன் தனிச் சிக்கலெண்டா, சாமான் எங்கட ஒபிஸுக்குள்ள இருக்கும் ஆனா எங்கடயெண்டு நெஞ்சில கைவச்சு சொல்லேலாது. ஒரே அறையில மூணு லெப்டொப் இருந்தா ஒண்டு ஒரு டொனர்ட (நிதி தாற நிறுவனத்திண்ட) காசு, மத்தது இன்னொரு டொனர்ட காசு, மூணாவது வெளிநாட்டில இருக்கிற ஊராக்கள் ஆரோ பழசு எண்டு அனுப்பினது, அதுக்கு பில்லும் இல்ல விலையும் இல்ல. ஒவ்வொரு டொனருக்கும் ஒவ்வொரு சட்டம். அமெரிக்க அரசு காசெண்டா 2 சீஎஃப்ஆர் 200 எண்ட விதியில உபகரணமெண்டு எடுக்கிற வரம்பு முன்ன ஒரு சாமானுக்கு 5,000 டொலர், 2024 ஒக்டோபர் 1ல இருந்து 10,000 டொலர் ஆக்கிட்டாங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்காவாவது சாமானக் கண்ணால பாத்து கணக்கெடுக்கணும், பொருத்திப் பாக்கணும், புரொஜெக்ட் முடிஞ்சா அவங்க சொல்றபடிதான் குடுக்கவோ விக்கவோ ஏலும். 2025ல யுஎஸ்எயிட் எண்ட அமெரிக்க அரசு உதவி நிறுவனத்த இழுத்து மூடின நேரம் இந்தப் பக்கத்தில அவங்கட காசில வேல செஞ்ச ஆக்களுக்கு இதின்ட அருமை விளங்கியிருக்கும், வேலய நிப்பாட்டுங்க எண்டு கடிதம் வந்த கையோட அடுத்த கேள்வி சாமான் லிஸ்ட்தான், எது எங்க ஆரிட்ட என்ன நிலமையில, அதயும் கெதியாக் குடுக்கணும், புரொஜெக்ட் ஸ்டாஃப் எல்லாம் வீட்ட போய்க்கொண்டிருக்கிற நேரத்தில.

அதுக்கு முன்னயும் பாத்ததுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடி, மருதமுனை, கல்முனை, காரைதீவு எண்டு கரையோரம் முழுக்க வந்த நிறுவனங்கள், வந்த ஜெனரேட்டர், போட், தண்ணி டேங்க்! அதில எத்தினையோ சாமான் எந்தக் கணக்கிலயும் இல்லாம போச்சுது, களவெண்டு சொல்லல்ல, எழுதுறதுக்கு ஆளில்ல.

சரி, ஸ்னைப்-ஐடி என்ன செய்யுதெண்டு பாப்பம். அதின்ட உயிர் ரெண்டு பட்டன்தான், சாமானக் குடுக்கிறதுக்கு செக்அவுட், திருப்பி எடுக்கிறதுக்கு செக்இன். சாமான ஒரு ஆளுக்கு, இல்லாட்டி ஒரு இடத்துக்கு, இல்லாட்டி இன்னொரு சாமானுக்கு செக்அவுட் பண்ணலாம். அந்த ரகச் சாமானுக்கு அப்பிடிப் போட்டு வச்சா, ஆளுக்குக் குடுக்கக்குள்ள அவருக்கு ஈமெயில் போகும், அவர் உள்ளுக்குப் போய் ஏத்துக்கொண்டன் எண்டு சொல்லணும், செட்டிங்க்ஸ்ல போட்டு வச்சா ஃபோன் ஸ்க்ரீன்ல விரலால கையெழுத்தும் வாங்கும். ஆரார்ட கைக்கெல்லாம் போச்சு எண்ட ஹிஸ்டரி முழுக்க அந்த சாமானுக்குக் கீழ கிடக்கும், டிலீட் பண்ணினாலும் பழைய ரெக்கோட் அழிஞ்சு போகாது. இது இல்லாத காலத்தில எங்கட ஒபிஸ்ல கதை எப்பிடிப் போகுமெண்டா,

"தம்பி, அந்த சின்ன டெப் ஆரிட்ட இரிக்கி?"

"அது அண்ணன் கிரான் டீமிட்ட குடுத்த."

"கிரான் டீம்ல ஆரிட்ட மனே?"

"அவர் இப்ப வேலய விட்டுட்டார் போல."

இந்தக் கதை இப்ப இல்ல. ஒராள் விலகப் போறாரெண்டா எச்ஆர்ல இருந்து கிளியரன்ஸ் ஃபோம் வரக்குள்ள அவர்ட பேரத் தட்டினா அவர்ட கையில கிடக்கிறது எல்லாம் ஒரே பக்கத்தில வரும், பவர் பேங்க்ல இருந்து மழைக்கோட்டு வரை. இதுக்காக மட்டும் சொஃப்ட்வெயார் வேணுமெண்டாலும் நான் இதத்தான் சொல்லுவன். ஆனா ஒண்டு, இடத்துக்கு செக்அவுட் பண்ணினா கையெழுத்து வாங்காது, இடம் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற? அதால ஃபீல்ட் ஒபிஸ் சாமான "கொக்கட்டிச்சோலை ஒபிஸ்" எண்டு இடத்தில போட்டுட்டுக் கைகழுவாதீங்க, ஒபிஸ் பொறுப்பாளர்ட பேர்ல போடுங்க, இடத்த தனி ஃபீல்ட்ல காட்டுங்க.

பிளாஸ்டிக் கதிரை, மேசை, கூடாரம் மாதிரி ஒரே ரகத்தில நிறைய இருக்கிறத ஒவ்வொண்டா அசெட் ஆக்குறது பைத்தியக்கார வேல. அதுக்கு அக்செசரி எண்டு ஒரு பகுதி இருக்கு, மொத்த எண்ணிக்கையா வச்சு இத்தின குடுத்தது இத்தின திரும்பி வந்தது எண்டு பாக்கலாம். மாதர் கிராம அபிவிருத்தி சங்கம் கூட்டத்துக்கெண்டு கதிரை கேட்டா அதிலதான் போடுறம். கதிரைக்கு அடியில ஸ்டென்சில் வச்சு பெயின்ட் அடிச்ச பேர் போதும், அந்தப் பழைய முறைய அடிக்க ஒண்டும் வரல்ல இன்னும்.

இப்ப ஸ்டிக்கர். இதில கொஞ்சம் நிண்டு கதைக்கணும், ஏனெண்டா சொஃப்ட்வெயார் ரிவியூ எழுதுற ஆக்கள் ஆரும் இதக் கதைக்கிறல்ல, ஆனா எங்கட ஊர்ல பாதித் தோல்வி இதிலதான் கிடக்கு. ஸ்னைப்-ஐடி லேபலத் தானே போட்டுத் தரும், கியூஆர் கோடும் அசெட் நம்பரும். சாதாரண பேப்பர் ஸ்டிக்கர்ல அடிச்சு மேல செலோடேப் ஒட்டுறதுதான் எல்லாரும் செய்யிற, கடல் உப்புக்காத்தும் வாவிப் பக்கத்து ஈரமும் சேந்து மாரி முடிய முதல் அது உரிஞ்சு போகும். கச்சான் காத்து வெயில்ல மோட்டர்சைக்கிள் பெட்டிக்குள்ள கிடந்த டெப்ல பசை உருகி வழுக்கிப் போகும். வேணுங்கிறது பொலியெஸ்டர் லேபல், அதில தேர்மல் டிரான்ஸ்ஃபர் முறையில, அதாவது ரிப்பன்ல இருக்கிற மைய சூட்டால லேபல்ல ஏத்துற முறையில, ரெசின் ரிப்பன் போட்டு அடிச்சது. டிரெக்ட் தேர்மல் எண்டு இன்னொண்டு இருக்கு, சுப்பர்மார்க்கட்டில பைக்கட்டில ஒட்டுற விலை ஸ்டிக்கர் அந்த ரகம், ரிப்பன் இல்லாம சூட்டாலயே கறுக்கிற தாள், அதுவே வெயிலுக்கு மங்கிப் போகும், சூட்டுக்கு முழுக்கக் கறுத்தும் போகும். டவுன்ல ஒரு கடையில பொலியெஸ்டர் எண்டு சொல்லி அதத்தான் எங்கட தலையில கட்டப் பாத்தாங்க. சோதிக்கிறது லேசு, நகத்தால வேகமா ஒரு கீறு கீறுங்க, கறுப்புக் கோடு விழுந்தா அது டிரெக்ட் தேர்மல். பொலியெஸ்டர் எண்டா கையால கிழிக்க ஏலாது.

கியூஆருக்குள்ள என்ன இருக்கெண்டும் பாக்கணும். செட்டிங்க்ஸ மாத்தாம விட்டா அதுக்குள்ள இருக்கிறது அந்த அசெட்டின்ட வெப் முகவரி, அதாவது உங்கட சேர்வர்ட முகவரி. ஃபோனால ஸ்கேன் பண்ணினா நேரா அந்தப் பக்கம் திறக்கும், வடிவா இருக்கும் பாக்க. மறுகா ரெண்டு வருசத்தால டொமைன மாத்தினா, சேர்வர ஒபிஸுக்குள்ள இருந்து வெளியால கொண்டு போனா, ஒட்டின ஸ்டிக்கர் அத்தினையும் செத்துப்போகும். அதால புது வேர்ஷன்கள்ல லேபல் செட்டிங்க்ஸ்ல கியூஆருக்குள்ள வெறும் அசெட் நம்பர மட்டும் வைக்கிற ஒப்ஷன் இருக்கு, அதப் போடுங்க. இல்லாட்டி முதல்ல நிரந்தரமா ஒரு முகவரியக் கட்டிட்டு மறுகா ஸ்டிக்கர் அடிங்க.

வெறும் நம்பர் வைக்கிறதால இன்னொரு லாபம் இருக்கு, இதுதான் நான் ஆர் கேட்டாலும் சொல்ற விசயம். ஸ்னைப்-ஐடிக்கு நெட்வேர்க் வேணும், ஒஃப்லைன்ல வேல செய்யாது. வாகரையில உள்ளுக்குப் போனா, இல்லாட்டி குருமண்வெளியில பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கி இன்னும் உள்ள போனா சிக்னல் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இல்ல. அங்க நிண்டு சுத்துற வட்டத்தப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நாம வருசக் கணக்கெடுப்ப கோபோடூல்பொக்ஸ் எண்ட சேர்வே எடுக்கிற சொஃப்ட்வெயார்ல செய்யிறம், எங்கட துறையில எல்லார்ட ஃபோன்லயும் அதின்ட ஆப் கோபோகலெக்ட் ஏற்கனவே கிடக்கும், சேர்வே எடுத்த பழக்கமும் இருக்கும். பார்கோட் கேள்வி ஒண்டு, நிலமை என்னெண்டு ஒரு கேள்வி, ஃபோட்டோ ஒண்டு, ஜிபிஎஸ் ஒண்டு, அவ்வளவுதான் ஃபோம். சிக்னல் இல்லாட்டியும் ஸ்கேன் ஆகும், டவுனுக்குக் கிறுகி வந்தா அனுப்பிக்கலாம். வந்த லிஸ்ட்டையும் ஸ்னைப்-ஐடி லிஸ்ட்டையும் எக்செல்ல நம்பருக்கு நம்பர் பொருத்தினா, ரெஜிஸ்டர்ல இருந்து ஆனா ஆரும் காணாதது ஒரு பக்கம், கண்டது ஆனா ரெஜிஸ்டர்ல இல்லாதது மத்தப் பக்கம் எண்டு பிரிஞ்சு வரும். ஓடிட்டர் வந்தாலும் இதத்தான் ரெண்டு பக்கத்தால பாக்கிறார், புத்தகத்தில இருந்து சாமானுக்கு, சாமான்ல இருந்து புத்தகத்துக்கு. ரெண்டாவதுதான் கன பேர் தவறவிடுறது. ஸ்னைப்-ஐடியிலயும் ஓடிட் எண்டு ஒரு பகுதி இருக்கு, இத்தின மாசத்துக்கு ஒருக்கா பாக்கணுமெண்டு போட்டா நாள் நெருங்கக்குள்ள ஞாபகப்படுத்தும், ஸ்கேன் பண்ணிக்கொண்டே போகலாம். தலைமை ஒபிஸுக்கு அது போதும்.

பழைய எக்செல்ல இருந்து ஏத்துறது பற்றி. எக்செல் லிஸ்ட்ட சீஎஸ்வி ஃபைலா சேவ் பண்ணி ஏத்துற இம்போர்ட் நல்லா வேல செய்யும், கட்டகிரி, மொடல், லொகேஷன் இல்லாட்டி அதுவே உண்டாக்கும். அந்த உண்டாக்குறதுதான் ஆபத்து! வாழைச்சேனைய இங்கிலீஷில ஒராள் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்தாள் ஒரு எழுத்தக் கூட்டி எழுதுவார், சொஃப்ட்வெயாருக்கு ரெண்டும் ரெண்டு ஊர். கல்லடி, ஏறாவூர், சித்தாண்டி எண்டு எங்கட ஊர்ப் பேர் எல்லாத்துக்கும் இந்தக் கதை இருக்கு, கச்சேரிக் (மாவட்டச் செயலகம்) கடிதத்தில ஒரு மாதிரி, ரோட்டுப் போட்டில ஒரு மாதிரி. ஏத்த முதல் எக்செல்லயே ஊர்ப் பேர ஒண்டாக்கிருங்க. மத்தது பாமினி. பழைய லிஸ்ட்கள் பாமினி எழுத்துருவில அடிச்சதெண்டா உள்ள போனோண்ண இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா ஒரு கந்தறுந்த கோலத்தில நிக்கும், யுனிகோடுக்கு மாத்தி, யூடிஎஃப்-8ல சேவ் பண்ணி மறுகாதான் ஏத்தணும்.

டொனர் பிரச்சினைக்கு வருவம். ஆர்ட காசில வாங்கினதெண்டு போடுறதுக்கு ரெடியா ஒரு இடம் இதில இல்ல, ஐடி ஆக்களுக்கு அது தேவைப்படல்ல. கஸ்டம் ஃபீல்ட் எண்டு நாமளே உண்டாக்கலாம், டொனர், புரொஜெக்ட் கோட், முடியிற திகதி, முடிஞ்சா என்ன செய்யணும் எண்டு நாலு ஃபீல்ட் வச்சிருக்கம். டொனர் பேர எழுத விடாதீங்க, லிஸ்ட்ல இருந்து தெரிவு செய்யிற மாதிரி வைங்க. கஸ்டம் ரிப்போர்ட்ல அந்த ஃபீல்டுகளயும் டிக் பண்ணி இறக்கினா டொனர் கேட்ட லிஸ்ட் நிண்ட இடத்திலயே கையில இருக்கும். சில பேர் கொம்பனி எண்ட பகுதிய டொனருக்குப் பாவிக்கிறாங்க, அதச் செய்யாதீங்க, அது ஒரு கொம்பனி ஆள் மத்தக் கொம்பனி சாமானப் பாக்காம மறைக்கிறதுக்கு உள்ளது, அந்த மறைக்கிற செட்டிங்கப் போட்டா உங்கட ஸ்டோர் கீப்பருக்கே பாதிச் சாமான் தெரியாமப் போகும். ரெண்டு டொனர் பாதிப் பாதி போட்டு வாங்கினா? அதப் பிரிச்சுக் காட்டுற வழி இல்ல, நோட்ஸ்ல எழுத வேண்டியதுதான், கவலைதான்.

தேய்மானத்த இத்தின மாசமெண்டு போட்டா அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். ஆனா ஃபைனான்ஸ் ஆக்களோட முதல்ல கதைங்க, ஏனெண்டா புரொஜெக்ட் காசில வாங்கினத கன நிறுவனம் வாங்கின அண்டே முழுக்க செலவாக் காட்டிரும், கணக்குப் புத்தகத்தில பெறுமதி பூச்சியம், ஆனா சாமான் கண்ணுக்கு முன்னால ஓடிக்கொண்டிருக்கும், அத ரெஜிஸ்டர்ல இருந்து எடுக்கவும் கூடாது. ஸ்னைப்-ஐடி சொல்ற பெறுமதியும் அக்கவுன்டன் சொல்ற பெறுமதியும் ரெண்டு கோலத்தில நிண்டா ஓடிட் நேரம் சண்டதான் வரும். நாம இதில எண்ணிக்கை, இடம், ஆள், நிலமை மட்டும்தான் நம்புறது, பெறுமதி அக்கவுன்ட்ஸ்ட வேல.

அடுத்தது நான் மிச்சம் கோவப்படுற இடம். கன்சியூமபிள் எண்டு ஒரு பகுதி இருக்கெண்டு பாத்துட்டு நிவாரண ஸ்டோரையும் இதுக்குள்ள கொண்டு வருவம் எண்டு ஒரு ஆசை வரும். வேணாம். கன்சியூமபிள் எண்டு அவங்க நினைச்சது பிரிண்டர் மை, பேட்டரி. குடுத்தா குடுத்ததுதான், திரும்பி எடுக்கிற பட்டன் இல்ல, எந்தத் தொகுதியில வந்ததெண்டு காட்டுற பெட்ச் நம்பர் இல்ல, எக்ஸ்பயரி பாத்து முதல்ல முடியிறத முதல்ல வெளியாக்குற கதையே இல்ல. மார்கழி, தை மாசத்தில வெள்ளம் வந்தா எங்கட ஸ்டோர்ல நடக்கிறது என்ன? அரிசி, பருப்பு, பால்மா, பாய், நுளம்பு வலை, சவர்க்காரம் எல்லாம் லொறியில வந்து இறங்கும், 2011 சனவரி வெள்ளத்தில நிண்ட ஆக்களுக்குத் தெரியும், டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) லிஸ்ட், கிராம சேவகர் லிஸ்ட், லொறியோட போற சாமான் துண்டு வேபில், ராவு பன்னெண்டு மணிக்கு மழைக்குள்ள சாமான் வெளியாகும். அந்த நேரம் ஆர் லொகின் பண்ணிக்கொண்டிருக்கிற? அடுக்கில தொங்குற பின் காட்தான் தெய்வம். வந்தது, போனது, மிச்சம், கையெழுத்து. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு காட், சாமான் வந்து சேந்ததுக்குப் போடுற ஜீஆர்என் துண்டு நம்பர் அதில, வேபில் நம்பர் அதில, பொழுதுபட ஒராள் எக்செல்ல ஏத்துவார். ஸ்டோரும் சொஃப்ட்வெயார்லதான் வேணுமெண்டு நிக்கிற பெரிய நிறுவனமெண்டா ஈஆர்பிநெக்ஸ்ட் பாருங்க, அதுவும் ஓபன் சோர்ஸ்தான், பெட்ச், எக்ஸ்பயரி, களஞ்சியத்தில இருந்து களஞ்சியத்துக்கு மாத்துறது எல்லாம் இருக்கு, ஆனா அதப் பாத்து நடத்த ஒராள் வேணும். எங்களுக்கு அது கட்டாது.

இதோட சேத்து இன்னொரு குழப்பம். பயனாளிக்குக் குடுக்கிற தையல் மெசின், கோழிக்கூடு, தோணி, வலை இதெல்லாம் உங்கட அசெட் இல்ல, கையளிப்புக் கடிதத்தில கையெழுத்து விழுந்தோண்ண அவங்கட சாமான். அத ஸ்னைப்-ஐடியில ஏத்தி வச்சா வருசம் வருசம் ஓடிட்டர் அந்த அக்காட வீட்ட போய் மெசின் எங்கெண்டு கேப்பார், மானம் போற வேல. குடுக்கும் வரைக்கும் அது ஸ்டோர் ஸ்டொக், பின் காட்ல நிக்கட்டும்.

மோட்டர்சைக்கிள். ஃபீல்ட் ஸ்டாஃப் உள்ள நிறுவனத்தில பெறுமதியான அசெட் இதுதான், ஸ்னைப்-ஐடிக்கு இதில பெரிய அக்கறை இல்ல. ஓட்டம் எழுதுற ரன்னிங் சார்ட், எண்ணெய்க் கணக்கு ஒண்டும் அதுக்குத் தெரியாது, மெயின்டனன்ஸ் பகுதியில சேவிஸ் செஞ்ச செலவப் போடலாம், அது நல்லம். இன்ஷூரன்ஸ் முடியிற திகதிய கஸ்டம் ஃபீல்ட்ல போட்டா அது சும்மா எழுத்துத்தான், நாள் வந்தா சொல்லாது. நாம கண்டுபிடிச்ச குறுக்கு வழி, சொஃப்ட்வெயார் லைசன்ஸுக்கெண்டு இருக்கிற பகுதியில இன்ஷூரன்ஸயும் வருசாந்த ரெவினியூ லைசன்ஸயும் ஒரு லைசன்ஸ் எண்டு போட்டு எக்ஸ்பயரி திகதியக் குடுத்து, அந்த மோட்டர்சைக்கிளுக்கு செக்அவுட் பண்ணி வைக்கிறது. முடிய முதல் ஈமெயில் வரும். செஞ்ச ஆக்கள் பாத்தா சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

சேர்வர் எங்க வைக்கிறதெண்டு கேக்கிறாக்களுக்கு. ஒபிஸ் மூலையில பழைய டெஸ்க்டொப்ல உபுண்டு போட்டு வைக்கலாம், காசு மிச்சம், ஆனா திருக்கோவில் ஆக்கள் உள்ளுக்கு வர தனி ஏற்பாடு வேணும், 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்கள நினைச்சா எனக்கு அந்த மூலையில நம்பிக்க இல்ல. சின்ன ஒரு விபிஎஸ், அதாவது இன்டர்நெட்டில வாடகைக்குக் கிடைக்கிற சேர்வர், மாசாமாசம் எடுத்தா போதும், எங்கள மாதிரி அளவுக்கு பெரிய மெசின் தேவல்ல. போட்டுத் தர ஒரு தெரிஞ்ச பொடியன் வேணும், டொக்கர் எண்ட ரெடிப் பொதியா ஏத்துற முறையில போடுறது அவனுக்கு அரை நாள் வேலதான், அப்டேட் வரக்குள்ள திரும்பக் கூப்பிட வேண்டி வரும், அதுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி போடுங்க. புரொபோசல் எழுதக்குள்ளயே மொனிட்டரிங் செலவோட இதயும் ஸ்டிக்கர் செலவயும் சேத்துக் கேட்டா டொனர் பெரிசா ஒண்டும் சொல்லமாட்டார், அவர்ட சாமானக் காப்பாத்தத்தானே.

பேக்கப் உள்ளுக்கே எடுக்கலாம், எடுத்ததக் கட்டாயம் வேற இடத்தில வைங்க, அதே சேர்வர்ல வச்சு என்ன புண்ணியம். அதோட சேர்வர் செட்டிங்க்ஸ் கிடக்கிற என்வ் ஃபைல்ல இருக்கிற ஆப் கீ எண்ட நீளமான எழுத்துக் கோவையயும் தனியா எடுத்து வைங்க, மறைகுறி போட்ட கஸ்டம் ஃபீல்ட் ஏதும் வச்சிருந்தா அந்தக் கீ இல்லாம பேக்கப் இருந்தும் அந்தத் தகவல திறக்க ஏலாது. செட் பண்ணித் தந்த பொடியன் கட்டாருக்குப் போக முதல் அதக் கேட்டு வாங்கிருங்க.